நெருப்புக் காய்ச்சல் கிருமி தன் இடத்தை எப்படி அறிகிறது?

சல்மனெல்லா பற்றீரியாவில் இரண்டு வகைகளை எடுத்து கிருமிகளை வளர்க்கப் பயன்படும் இரண்டு ஏகார்த் தட்டுகளில் தடவி, 37 பாகை வெப்பநிலையில் ஓர் இரவு வைத்தால், காலையில் இரண்டிலும் ஒரே மாதிரியான திட்டுகள் வளர்ந்திருக்கும். அளவிலும் நிறத்திலும் எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டையும் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தால் கதை மாறுகிறது. முதல் வகை கொடுக்கப்பட்ட எலிகள் சில நாட்களில் இறந்துவிடுகின்றன. இரண்டாவது வகை கொடுக்கப்பட்டவை வழக்கம்போல் தின்று, ஓடித் திரிகின்றன. இரண்டு வகைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஒரேயொரு மரபணு. அதன் பெயர் ஃபோ-பி.

அந்த மரபணு நஞ்சு எதையும் உருவாக்குவதில்லை. குடற்சுவரைத் துளைக்கும் கருவியையோ இரத்தத்தைச் சிதைக்கும் நொதியத்தையோ அது தருவதில்லை. அது உருவாக்கும் புரதம் மற்ற மரபணுக்களை எப்போது இயக்குவது, எப்போது நிறுத்துவது என்பதை மட்டும் கவனிக்கிறது. இப்படிப்பட்டவற்றை ஒழுங்குபடுத்தும் மரபணுக்கள் என்கிறோம். ஒரு கிருமியின் நோய்வீரியம், அதாவது உடலுக்குள் நுழைந்து நோயை உண்டாக்கும் திறன், இத்தகைய ஒரு மரபணுவில் எப்படித் தங்கியிருக்க முடியும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளைக்கும், அந்தப் பிள்ளையைப் படிக்கவைக்கும் பெற்றோருக்கும் விளங்கினால் போதும் என்று எழுதுகிறேன். பாடநூலில் பரம்பரையலகு என்று வருவதைத்தான் மரபணு என்கிறேன்.

நம் ஊர்க் காய்ச்சல்

சல்மனெல்லா டைஃபி என்ற பற்றீரியாவினால் வரும் தைபொயிட்டை நம் வீடுகளில் நெருப்புக் காய்ச்சல் என்பார்கள். கொழும்பில் இன்று காய்ச்சல் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது டெங்கு. ஆனாலும் நெருப்புக் காய்ச்சல் இலங்கையில் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்றாகவே இருக்கிறது. மருத்துவர் அறிவித்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வருவார். எங்கே தண்ணீர் குடித்தீர்கள், எந்தக் கடையில் சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். காரணம் எளியது. இந்தக் கிருமி மனித மலத்தால் மாசுபட்ட தண்ணீராலும் உணவாலும் பரவுகிறது. கொதிக்காத தண்ணீரில் செய்த ஐஸ், கழுவாத கையால் வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய அன்னாசித் துண்டு ஆகியவை அதற்குப் போதும். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019இல் உலகெங்கும் ஏறத்தாழ 90 இலட்சம் பேருக்கு இந்த நோய் வந்தது. 1,10,000 பேர் இறந்தார்கள்.

இந்த நகரத்துக்கும் இந்தக் கிருமிக்கும் பழைய உறவு உண்டு. 1903 முதல் 1915 வரை கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் அல்டோ கஸ்டெலானி, தைபொயிட்டுக்கும் அதன் நெருங்கிய உறவான பாராதைபொயிட்டுக்கும் சேர்த்து ஒரே தடுப்பூசி போடும் முறையின் முன்னோடி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டைஃபி மனிதரை மட்டுமே நோயாளியாக்கும். சாதாரண சுண்டெலியில் அது நோயை உண்டாக்காது. ஆகவே ஆய்வுகளில் பெரும்பாலானவை அதன் உறவான சல்மனெல்லா டைஃபிமியூரியம் என்ற வகையில் நடந்தவை. மனிதருக்கு வயிற்றோட்டத்தைத் தரும் அந்த வகை, சுண்டெலிக்கு நெருப்புக் காய்ச்சலைப் போன்ற நோயைத் தருகிறது. ஃபோ-பி இரண்டிலும் உண்டு. ஆனாலும் எலியில் கண்ட எல்லாவற்றையும் அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடக் கூடாது.

வாய் முதல் தின்குழியம் வரை

கிருமி செல்லும் வழியைத் தெரிந்துகொண்டால்தான் ஒழுங்குபடுத்தும் மரபணுவின் அருமை விளங்கும்.

முதல் தடை இரைப்பையின் அமிலம். விழுங்கப்பட்ட கிருமிகளில் பெரும்பகுதி அங்கேயே மடிந்துவிடுகிறது. 1960களில் அமெரிக்காவின் மேரிலாந்தில் தன்னார்வலர்களுக்கு அளவிட்ட எண்ணிக்கையில் டைஃபி கொடுத்துப் பார்த்தார்கள். ஆயிரம் கிருமிகளை விழுங்கியவர்களில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. ஒரு இலட்சம் விழுங்கியவர்களில் கால்வாசிப் பேருக்குச் சற்றுக் கூடுதலாகவும், ஒரு கோடி விழுங்கியவர்களில் பாதிப் பேருக்கும் வந்தது.

தப்பியவை சிறுகுடலை அடைகின்றன. அங்கே அவை நீந்த வேண்டும். அதற்குச் சவுக்குமுளைகள் வேண்டும். குடற்சுவரின் கலங்களுக்குள் நுழைய வேண்டும். அதற்கு ஊசி போன்ற ஒரு புரத அமைப்பைக் கட்டி, அதன் வழியாகத் தன் புரதங்களை நம் கலத்துக்குள் செலுத்துகிறது சல்மனெல்லா. குடற்சுவரைக் கடந்ததும் நம் உடலின் காவற் கலங்களான தின்குழியங்கள் அதைப் பிடித்து விழுங்குகின்றன. அவற்றில் மக்ரோபேஜ் எனப்படும் பெரிய வகையே இங்கே நமக்கு முக்கியம்.

பெரும்பாலான பற்றீரியாக்களின் கதை தின்குழியத்தோடு முடிந்துவிடும். விழுங்கப்பட்ட கிருமி ஒரு சிறு பைக்குள் அடைபடுகிறது. அந்தப் பைக்குள் அமிலம் ஏறுகிறது. பிஎச் 5ஐ ஒட்டி இறங்குகிறது. கிருமியின் மென்சவ்வைத் துளைக்கும் சிறு பெப்ரைட்டுகளும், ஒட்சிசனிலிருந்து உருவாகும் தாக்குமிக்க மூலக்கூறுகளும் வந்து சேர்கின்றன. சல்மனெல்லாவோ அந்தப் பைக்குள்ளேயே குடியேறிப் பெருகுகிறது. பின் தின்குழியங்களிலேயே பயணம் செய்து கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் எலும்பு மச்சைக்கும் போய்ச் சேர்கிறது. கிருமியை விழுங்கிய நாளுக்கும் காய்ச்சல் தொடங்கும் நாளுக்கும் இடையில் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரங்கள் கழிவது இதனால்தான். நோயாளி கடைக்கும் வேலைக்கும் போய்வந்துகொண்டிருக்கிறார். கிருமி உள்ளே பெருகிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பாதையில் ஒவ்வோர் இடத்திலும் வேண்டியவை வேறு. குடலில் உதவிய சவுக்குமுளை தின்குழியத்துக்குள் ஆபத்து; அதன் புரதத்தை நம் நோயெதிர்ப்புத் தொகுதி கண்டவுடன் இனங்கண்டு எச்சரிக்கை எழுப்பிவிடும். குடற்கலத்துக்குள் நுழைய உதவிய ஊசியமைப்பு பைக்குள் பயன்படாது. அங்கே வேறொரு ஊசியமைப்பு வேண்டும். 2001இல் டைஃபியின் மரபணுத்தொகுதி முழுதாக வாசிக்கப்பட்டது. ஏறத்தாழ 48 இலட்சம் டி.என்.ஏ. மூல இணைகள், நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட மரபணுக்கள். இவை எல்லாம் எந்நேரமும் இயங்கினால் சக்தி வீணாவது ஒருபுறம், கிருமி தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும் என்பது மறுபுறம்.

மூளையில்லாமல் அறிவது

வெள்ளவத்தையில் ஒரு மாலை வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது: “பற்றீரியாவுக்கு மூளையா இருக்கிறது, சேர்? தான் குடலில் இருக்கிறதா, கலத்துக்குள் இருக்கிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்?” வகுப்பு சிரித்தது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஃபோ-பி தனியாக வேலை செய்வதில்லை. அதற்கு ஃபோ-கியூ என்று ஒரு துணை உண்டு. இருவகைப் புரதங்கள் சோடியாக இயங்கும் இந்த ஏற்பாடு பற்றீரியாக்களில் மிகப் பரவலானது. ஒன்று உணரும், மற்றது செயற்படும்.

ஃபோ-கியூ உணர்வது. சல்மனெல்லாவுக்கு இரண்டு மென்சவ்வுகள் உண்டு. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. ஃபோ-கியூ உள் மென்சவ்வில் பதிந்திருக்கிறது. அதன் ஒரு பகுதி இரண்டு மென்சவ்வுகளுக்கும் இடையிலுள்ள வெளியில் நீட்டிக்கொண்டிருக்கிறது. மறுபகுதி கலத்துக்குள் இருக்கிறது. வெளியே நீண்ட பகுதியில் மறை ஏற்றமுள்ள அமினோ அமிலங்கள் நெருக்கமாக அமைந்த ஒரு முகம் உண்டு. அருகிலுள்ள மென்சவ்வின் மேற்பரப்பும் மறை ஏற்றமுள்ளதே. ஒரே வகை ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்பது சாதாரண தரத்திலேயே படித்தது. நேர் ஏற்றமுள்ள மக்னீசியம் அயன்கள் இடையில் நின்று இரண்டையும் பிணைத்து வைக்கின்றன. அந்த நிலையில் ஃபோ-கியூ அமைதியாக இருக்கிறது.

மக்னீசியம் குறைந்தால் பிணைப்பு தளர்கிறது. கிருமியைக் கொல்ல வரும் பெப்ரைட்டுகளும் நேர் ஏற்றமுள்ளவை. அவை மக்னீசியத்தை இடம்பெயர்த்துத் தாங்கள் அமர்ந்துகொள்கின்றன. அமிலம் ஏறினாலும் புரதத்தின் வடிவம் மாறுகிறது. இவற்றில் எது நடந்தாலும் வெளிப்பகுதியில் ஏற்படும் அசைவு மென்சவ்வைத் தாண்டி உட்பகுதியை எட்டுகிறது. உடனே ஃபோ-கியூ, கலத்தின் சக்தி மூலக்கூறான ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பொஸ்பேற்றை எடுத்துத் தன்னிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தில் ஏற்றிக்கொள்கிறது. பிறகு அதை ஃபோ-பி புரதத்திலுள்ள அஸ்பாற்றிக் அமிலத்துக்குக் கைமாற்றுகிறது. பொஸ்பேற்று ஏறிய ஃபோ-பி புரதங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, டி.என்.ஏ.யில் தமக்குரிய குறிப்பிட்ட வரிசை உள்ள இடங்களைப் பற்றிக்கொள்கின்றன. அங்கிருந்து மரபணுவை வாசிக்கும் ஆர்.என்.ஏ. பொலிமரேஸ் நொதியத்தை அழைத்து வேலையைத் தொடங்கவைக்கின்றன. வேறு சில மரபணுக்களின் வாசிப்பு இதனால் தடைப்படுகிறது.

மக்னீசியம் மீண்டும் நிறைந்தால் ஃபோ-கியூவே ஃபோ-பியிலிருந்து பொஸ்பேற்றைக் கழற்றிவிடுகிறது. கொடுத்த கையே திரும்ப எடுத்துக்கொள்வதால் நிலைமை மாறியதும் ஏற்பாடும் மாறிவிடுகிறது. இங்கே யாரும் யோசிப்பதில்லை. ஓர் அயன் இருப்பதும் இல்லாமற் போவதும், ஒரு புரதம் வளைவதும், ஒரு பொஸ்பேற்று இடம் மாறுவதும் மட்டுமே நடக்கின்றன. பின்வரிசைப் பிள்ளைக்கு நான் சொன்ன பதிலும் இதுவே. திருப்திப்பட்டாரா என்பது வேறு விடயம்.

ஆய்வுகூடத்தில் மக்னீசியத்தை மட்டும் மாற்றி இதைக் காட்டலாம். 10 மில்லிமோலர் மக்னீசியம் உள்ள ஊடகத்தில் ஃபோ-பி அடங்கியிருக்கும். அதை ஆயிரத்தில் ஒரு பங்காக்கி 10 மைக்ரோமோலருக்குக் குறைத்தால் விழித்துக்கொள்ளும். மக்னீசியமே இதன் சமிக்ஞை என்று 1996இல் காட்டினார்கள். தின்குழியப் பைக்குள் மக்னீசியம் உண்மையிலேயே அவ்வளவு குறைகிறதா என்று பின்னர் அளந்தவர்கள், இல்லை, எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இருக்கிறது என்றார்கள். பெப்ரைட்டுகளை ஃபோ-கியூ நேரடியாக உணர்கிறது என்ற ஆய்வு 2005இல் வந்தது. அமிலத்தையும் உணர்கிறது என்பது 2007இல் வந்தது. இவற்றுள் எது தலையாயது என்ற வாதம் ஆய்வாளர்களிடையே நன்றாகவே சூடுபிடித்தது. என் பார்வையில் பைக்குள் இவை ஒன்றாகவே வருகின்றன. கிருமிக்கு அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

தோலை மாற்றிக்கொள்ளுதல்

ஃபோ-பி நூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்களில் நேரடியாகவோ மறைமுகமாகவோ கைவைக்கிறது. எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் கிட்ட நின்று பார்ப்போம்.

சல்மனெல்லாவின் வெளி மென்சவ்வின் மேற்புறத்தில் இலிப்பிட்டு ஏ என்ற கொழுப்பு மூலக்கூறு செறிந்திருக்கிறது. அதில் பொஸ்பேற்றுகள் உண்டு. ஆகவே மறை ஏற்றம். பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளை மக்னீசியம் அயன்கள் பிணைத்து வைத்திருப்பதால்தான் அந்த மென்சவ்வு இறுக்கமாக இருக்கிறது. தின்குழியத்தின் பெப்ரைட்டுகள் இந்த மறை ஏற்றத்தையே குறிவைத்து வருகின்றன. மக்னீசியத்தைத் தள்ளிவிட்டு, மென்சவ்வைக் குலைத்து, துளையிடுகின்றன.

ஃபோ-பி இயங்கத் தொடங்கியதும் இலிப்பிட்டு ஏ மாற்றியமைக்கப்படுகிறது. ஒரு நொதியம் அதில் மேலதிகமாக ஒரு கொழுப்பமிலச் சங்கிலியைச் சேர்க்கிறது. மென்சவ்வு இன்னும் இறுகுகிறது. ஃபோ-பி எழுப்பிவிடும் இன்னொரு ஒழுங்குபடுத்தும் சோடியின் மூலம், பொஸ்பேற்றுகளின் மேல் அமினோஅரபினோஸ் என்ற நேர் ஏற்றமுள்ள ஒரு சர்க்கரை ஒட்டப்படுகிறது. மறை ஏற்றம் மறைந்துவிடுகிறது. நேர் ஏற்றமுள்ள பெப்ரைட்டு வந்து பற்றிக்கொள்ள முன்போல் பிடிமானம் இல்லை. அதையும் தாண்டி வரும் பெப்ரைட்டுகளைத் துண்டாக்க வெளி மென்சவ்விலேயே ஒரு நொதியமும் வைக்கப்படுகிறது. தாக்க வரும் பொருளே, தன்னைத் தடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கிவைக்கிறது என்பதுதான் இதில் என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைப்பது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மக்னீசியத்தை உள்ளே இழுக்கும் புரதங்கள் கூடுகின்றன. தின்குழியத்துக்குள் வாழ உதவும் எம்.ஜி.டி.சி. என்ற புரதம் உருவாகிறது. பைக்குள் பயன்படும் இரண்டாவது ஊசியமைப்புக்கான ஒழுங்கு தூண்டப்படுகிறது. குடலில் பயன்பட்ட முதலாவது ஊசியமைப்பும் சவுக்குமுளையும் அடக்கப்படுகின்றன.

உடைத்துப் பார்த்தவர்கள்

ஃபோ-பி முதலில் நோயோடு சம்பந்தப்பட்டதாக அறியப்படவில்லை. 1970களின் இறுதியில் ஒரு பொஸ்பேற்றேஸ் நொதியத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுவாகவே பதிவானது. பெரிதாக யாரும் கவலைப்படாத ஒரு விடயம்.

1986இல் ஃபீல்ட்ஸ், ஹெஃப்ரன் முதலானோர் வேறு திசையிலிருந்து வந்தார்கள். டி.என்.ஏ.யில் தாவிப் புகும் ஒரு துண்டைப் பயன்படுத்தி, சல்மனெல்லாவின் மரபணுக்களை ஒவ்வொரு விகாரியில், அதாவது மரபணு மாற்றமுற்ற கிருமியில், ஒவ்வோர் இடத்தில் உடைத்தார்கள். ஆயிரக்கணக்கான அந்த விகாரிகளைத் தின்குழியங்களுக்குக் கொடுத்து, எவை பிழைக்கவில்லை என்று தேடினார்கள். எண்பதுக்கும் மேற்பட்டவை அகப்பட்டன. தின்குழியத்துக்குள் பிழைக்க முடியாதவை சுண்டெலிக்கு நோயைத் தருவதிலும் பின்னடைந்தன. பிழைத்தலும் நோய்வீரியமும் இந்தக் கிருமியில் ஒன்றோடொன்று பின்னியவை என்பது இதனால் தெளிவானது. 1989இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரே முடிவை வெளியிட்டன: அந்த விகாரிகளில் சிலவற்றில் உடைந்திருந்தது ஃபோ-பி. அதை இழந்த சல்மனெல்லா தின்குழியப் பெப்ரைட்டுகளுக்கு எளிதில் இரையாகிறது, எலியிலும் வலுவிழக்கிறது.

ஒரு மரபணுவை உடைத்தவுடன் நோய் குறைந்தது என்பதால் மட்டும் அதுவே காரணம் என்று முடிவுகட்ட முடியாது. உடைக்கும்போது பக்கத்து மரபணுவும் கெட்டிருக்கலாம். இதற்கான ஒழுங்குமுறையை அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஸ்டான்லி ஃபால்கோ 1988இல் வகுத்தார். உடைத்தால் நோய்வீரியம் குறைய வேண்டும்; பழுதில்லாத பிரதியைத் திரும்பக் கொடுத்தால் வீரியம் திரும்ப வர வேண்டும். பரீட்சையில் எழுதும் பிள்ளைகள் முதற்பாதியை எழுதிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவார்கள். புள்ளி போவது அங்கேதான்.

இனி இந்த விடயத்தில் மிகச் சுவையான பகுதி. ஃபோ-பி இல்லாவிட்டால் கிருமி பலவீனமாகிறது என்றால், ஃபோ-பி எந்நேரமும் இயங்கிக்கொண்டே இருந்தால் கிருமி பலமடைய வேண்டும் அல்லவா? அப்படித்தான் பலரும் எதிர்பார்ப்பார்கள். 1990இல் மில்லரும் மெக்கலானோஸும் இதைச் சோதித்தார்கள். ஃபோ-கியூவில் ஒரு மாற்றத்தால், மக்னீசியம் எவ்வளவு இருந்தாலும் ஃபோ-பி ஓயாமல் இயங்கும் விகாரி ஒன்று அவர்களிடம் இருந்தது. அதுவும் சுண்டெலியில் வலுவிழந்தது. தின்குழியத்துக்குள் பிழைப்பதிலும் பின்தங்கியது.

புறக்கோட்டையில் நடைபாதை வியாபாரி மழை வந்தால் தறப்பாளை இழுத்து மூடுவார். மழைக்கு மூடத் தெரியாதவரின் துணி நனைந்து கெடும். வெயிலிலும் மூடியே வைத்திருப்பவருக்கு வியாபாரம் நடக்காது. இரண்டு பேருமே மாலையில் வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போவார்கள். எந்நேரமும் ஃபோ-பி இயங்கும் சல்மனெல்லா தின்குழியத்துக்கான ஏற்பாட்டைக் குடலிலேயே விரித்துவைத்துவிடுகிறது. அங்கே வேண்டிய சவுக்குமுளையும் நுழைவு ஊசியமைப்பும் அடங்கிப்போகின்றன.

ஆகவே “வீரியத்தைத் தரும் மரபணு” என்று ஃபோ-பியைச் சொல்வது பாதி உண்மைதான். அது தருவது நேரத்தை. சரியான இடத்தில் சரியான மரபணு இயங்கினால்தான் ஆயுதமும் ஆயுதமாகிறது.

இது நோய்க்காகவே உருவானதா?

இல்லை. எந்தத் தீங்கும் செய்யாத, ஆய்வுகூடங்களில் அன்றாடம் வளர்க்கப்படும் ஈ. கோலி பற்றீரியாவிலும் ஃபோ-பியும் ஃபோ-கியூவும் இருக்கின்றன. அங்கே அவற்றின் முதன்மையான வேலை மக்னீசியம் குறைந்தால் சமாளிப்பது. சல்மனெல்லா தன் பரிணாம வழியில் பிற பற்றீரியாக்களிடமிருந்து டி.என்.ஏ. துண்டுகளைப் பெற்றது, இரண்டு ஊசியமைப்புகளும் அப்படி வந்தவை. புதிதாக வந்த அந்த மரபணுக்கள் காலப்போக்கில் பழைய ஒழுங்குபடுத்தியின் ஆளுகைக்குள் வந்தன. மக்னீசியத்தைக் கவனித்துக்கொண்டிருந்த மரபணுவுக்குத் தின்குழியத்தை அடையாளம் காணும் பொறுப்பும் சேர்ந்துகொண்டது.

பிளேக் நோயின் கிருமியான யெர்சினியா பெஸ்டிஸிலும் இதே சோடி இருக்கிறது. அங்கேயும் அது தின்குழியத்துக்குள் பிழைக்க உதவுகிறது. அதோடு, நோயைப் பரப்பும் தெள்ளின் குடலில் நிலைகொள்வதற்கும் துணைசெய்கிறது. பிளேக் 1914இல் கொழும்பை எட்டிப்பார்த்த நோய் என்பதால் இதை இங்கே சொல்லத் தோன்றியது. அக்காலத்தில் கொழும்பு மாநகரத்தின் நுண்ணுயிரியலாளராக இருந்த ஃபேபியன் ஹேர்ஸ்ற், இந்நகரின் எலிகளில் அதிகம் காணப்பட்ட தெள்ளு பிளேக்கைப் பரப்புவதில் அவ்வளவு கெட்டிக்கார இனம் அல்ல என்பதைக் கண்டவர். நோய் கிருமியின் மரபணுவால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதற்கு நம் ஊர் எடுத்துக்காட்டு அது.

வைத்தியசாலையில் இதன் நிழல்

ஃபோ-பி வெறும் ஆய்வுகூட விடயம் அல்ல. கொலிஸ்ரின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, வேறு மருந்துகள் பலிக்காத கடுமையான தொற்றுகளுக்குக் கடைசியாக எடுக்கப்படும் மருந்துகளில் ஒன்று. அது வேலை செய்யும் விதமும் தின்குழியப் பெப்ரைட்டுகளைப் போன்றதே: நேர் ஏற்றமுள்ள மூலக்கூறு, மறை ஏற்றமுள்ள இலிப்பிட்டு ஏயைப் பற்றி, மென்சவ்வைக் குலைக்கிறது. ஆகவே இலிப்பிட்டு ஏயில் அந்தச் சர்க்கரையை ஒட்டிக்கொண்ட கிருமி கொலிஸ்ரினிலிருந்தும் தப்பிவிடுகிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் தொல்லை தரும் கிளெப்சியெல்லா நியூமோனியே என்ற பற்றீரியாவில் இது நேரடியாகக் காணப்படுகிறது. ஃபோ-கியூ அளவுக்கு மீறி இயங்காமல் அடக்கிவைக்க எம்.ஜி.ஆர்.பி. என்ற ஒரு சிறு புரதம் உண்டு. அதற்கான மரபணு கெட்டுவிட்டால் ஃபோ-பி ஓயாமல் இயங்குகிறது. கொலிஸ்ரின் பலிக்காமற் போகிறது. சல்மனெல்லா எலியில் தோற்றது ஓயாத இயக்கத்தால். இங்கே அதே ஓயாத இயக்கம், கொலிஸ்ரின் ஏற்றப்பட்ட நோயாளியின் உடலில் கிருமிக்கு இலாபமாகிறது. சூழல் எது என்பதைச் சொல்லாமல் ஒரு விகாரத்தை நல்லது, கெட்டது என்று கூற முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

தடுப்பு மருந்திலும் இந்த அறிவு பயன்பட்டது. ஃபோ-பியும் ஃபோ-கியூவும் நீக்கப்பட்ட டைஃபி, உடலுக்குள் சென்று நோயெதிர்ப்பைத் தூண்டும். ஆனால் நோயை உண்டாக்கும் அளவுக்கு நிலைக்காது என்ற எண்ணத்தில் டிவை800 என்ற வகையை உருவாக்கினார்கள். 1996இல் வெளியான ஆய்வில், வாயால் ஒரே தடவை அதை உட்கொண்ட தன்னார்வலர்களுக்குப் பாதுகாப்பாக இருந்ததோடு நோயெதிர்ப்பும் உருவானது. இதை நீண்டகாலம் பயன்படுத்தப்பட்ட டிவை21ஏ என்ற வில்லை மருந்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வேறொரு மரபணு கெடுக்கப்பட்ட பழைய வகை. ஊசியாகப் போடப்படும் தடுப்பு மருந்துகளோ உயிருள்ள கிருமியைக் கொண்டவை அல்ல. டைஃபியின் மேலுள்ள விஐ எனப்படும் சர்க்கரைப் போர்வையை அடிப்படையாகக் கொண்டவை அவை. அந்தப் போர்வையை எங்கே அணிவது, எங்கே களைவது என்பதற்கும் டைஃபியிடம் தனியான ஒழுங்குபடுத்தும் மரபணுக்கள் உண்டு என்பதை மட்டும் குறித்துவைத்துக் கடந்துபோகிறேன். அது இன்னொரு கட்டுரைக்கான விடயம்.

கடைசியாக, ஃபோ-கியூவையே முடக்கும் மருந்தைச் செய்தால் என்ன என்ற கேள்வி எழும். கிருமியைக் கொல்ல வேண்டியதில்லை; இருக்கும் இடம் தெரியாதபடி செய்துவிட்டால் தின்குழியம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஃபோ-கியூவைப் போன்ற உணர் புரதங்கள் நம் உடலில் இல்லாததால் குறியாகவும் அது நல்லதாகவே தெரிகிறது. சிக்கல், ஏ.டி.பி. வந்து பொருந்தும் அதன் குழியில் இருக்கிறது. நம் கலங்களிலுள்ள எச்.எஸ்.பி.90 என்ற மிக அவசியமான புரதத்திலும் ஏறத்தாழ அதே வடிவக் குழி உண்டு. அந்த மனிதப் புரதத்தை முடக்கும் ராடிசிகோல் என்ற பொருள் ஃபோ-கியூவிலும் போய் ஒட்டிக்கொள்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிருமியின் குழியில் பொருந்தி, நம்முடையதில் பொருந்தாத மூலக்கூறு வேண்டும். நெருப்புக் காய்ச்சலுக்கு இன்றைய சிகிச்சை, கிருமியைக் கொல்லும் நுண்ணுயிர்க்கொல்லிகளே. எந்த மருந்துக்கு அது பணியும் என்பதை இரத்த வளர்ப்புப் பரிசோதனை சொல்ல வேண்டும். அதனால்தான் முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே இரத்தம் எடுக்கப்பட வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள்.